மச்சானுக்கு மட்டும்

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உங்கள் தங்கையும் இங்கே சௌக்கியம். உங்கள் முழங்காலும் அக்காவின் ரத்தக் கொதிப்பும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் முப்பது வருஷம் அச்சு மிஷின் பக்கத்தில் நின்று உங்கள் காது போய்விட்டது. உங்களிடம் போனில் ஒரு ரகசியம் சொன்னால் எங்கள் மேல் மாடிக்காரர் ஜன்னல் வழியாக ஆறுதல் சொல்கிறார். இது அப்படிக் கத்திச் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை. அதனால்தான் உறையின் மேல் ‘மச்சானுக்கு மட்டும்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. ஒரு வருஷமாக உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை. மத்தியானம் தையல் மிஷினில் உட்கார்ந்தால் தலை தானாகத் தொங்குகிறது. சும்மா இருக்கும்போதே வியர்க்கிறது. போன வாரம் ஒரு கோட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் வந்து, “அண்ணே, பேன்ட் கொஞ்சம் லூஸா இருக்கு” என்றார். அதற்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். அவர் பயந்துபோய், “பரவாயில்லண்ணே, நான் பெல்ட் போட்டுக்கிறேன்” என்று போய்விட்டார்.

இருபத்தெட்டு வருஷமாக ஆண்களின் இடுப்பை அளக்கிறேன். நாற்பத்தைந்து தாண்டியதும் ஒவ்வொருத்தராக வருவார்கள். “துணி சுருங்கிடுச்சு, கொஞ்சம் பிரிச்சு விடுங்க” என்பார்கள். நானும் சிரிக்காமல், “ஆமா சார், இப்ப வர்ற துணியே சரியில்ல” என்பேன். போன மாதம் என் பேன்ட்டை நானே பிரித்தேன். பிரித்து விட உள்ளே துணி மிச்சமில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை உங்களுக்கு எழுத முடியாது. நீங்கள் அவளுக்கு அண்ணன். நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

பஸ் ஸ்டாப் எதிரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ‘நாற்பதைக் கடந்த ஆணா நீங்கள்?’ என்று வாசலில் போர்டு. ஒரு கம்பெனிக்கு நாற்பது கோட் தைத்துக் கொடுப்பதற்காக மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. கொடுத்து முடித்த அன்று மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அங்கே போய் ரத்தம் கொடுத்தேன். ஆண் ஹார்மோன் குறைவு என்று சிவப்பு எழுத்தில் அடித்துக் கொடுத்தார்கள். அந்தத் தாளை என் வாடிக்கையாளர் ஜிம் மாஸ்டரிடம் காட்டினேன். அவருக்குத் தோளுக்கு மட்டும் தனியாகத் துணி எடுக்க வேண்டும், அப்படி ஓர் உடம்பு. அவர்தான் தினமும் தோளில் பூசிக்கொள்ள ஒரு ஜெல் கொடுத்தார். “டாக்டர் கீக்டர்னு போனா பயமுறுத்துவாங்கண்ணே, பூசுங்க, புலியாயிடுவீங்க” என்றார்.

உங்கள் தங்கைக்கு இது தெரியவே கூடாது. மகள் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து அவள் அறை காலியாகத்தான் இருக்கிறது. குறட்டை விடுகிறேன், உன் தூக்கம் கெடுகிறது என்று சொல்லி அங்கே படுக்கையை மாற்றிக்கொண்டேன். பூசுவதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான். நீங்கள் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து பதில் போடவும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே இருவரும் நலமாக இருக்கிறோம். நீங்களும் என் தங்கை பாப்பாவும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். என் முழங்கால் இப்போதெல்லாம் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது.

உங்கள் கடிதத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். காதின் மேல் சத்தியம் செய்யலாம் என்றால் அது ஏற்கெனவே போய்விட்டது. அதனால் மிச்சம் இருக்கும் என் பற்களின் மேல் சத்தியம் செய்கிறேன். பாப்பாவிடம் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. ட்ரையல் பார்க்காமல் நீங்கள் யாருக்காவது கோட் கொடுத்தது உண்டா? ஒரு தடவை போட்டுப் பார்த்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பிரித்து, மறுபடி தைத்துத்தானே கொடுப்பீர்கள்? உடம்பை மட்டும் ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று இப்படிப் பொசுக்கென்று தைக்கக் கொடுத்துவிட்டீர்களே. முதலில் ஒரு நல்ல டாக்டரைப் பாருங்கள். காலையில் கொஞ்சம் நடங்கள். நேரத்தோடு தூங்குங்கள்.

எனக்கு இந்த மாதிரித் தொல்லை எதுவும் வந்ததில்லை. ஐம்பது வயதில் நான் எப்படி இருந்தேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்புடன்,
மச்சான்

தம்பி, நான் அக்கா எழுதுகிறேன். உறையை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். உங்கள் கடிதத்தையும் அவர் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று என்னைத்தான் படிக்கச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு, காது கேட்காத அவருக்குக் கத்திப் படித்தேன். ஐம்பது வயதில் இவர் எப்படி இருந்தார் என்று எல்லோருக்கும் தெரியாது, எனக்குத்தான் தெரியும். குழம்பில் உப்பு இல்லை என்று ஒரு நாள் அழுதார். நல்ல டாக்டரிடம் போங்கள் தம்பி, வெட்கப்படாதீர்கள்.

*

மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அவரும் நன்றாக இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். உன் கால் வலி குறைந்ததா? அண்ணி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

ஆபீஸில் வழக்கம்போலத்தான் ஓடுகிறது. குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுப்பவள் வேறு என்ன எழுதப்போகிறேன். தண்ணீர் வரவில்லை என்று காலை முழுக்கத் திட்டுவார்கள், தண்ணீர் கலங்கி வருகிறது என்று மத்தியானம் முழுக்கத் திட்டுவார்கள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் ஏதாவது எழுதினாரா? ஜனவரியிலிருந்து மகள் அறையில்தான் படுக்கிறார். குறட்டையாம். இருபத்தைந்து வருஷமாக நான் அந்தக் குறட்டையில்தான் தூங்குகிறேன். இப்போதுதான் இவருக்கு ஞானோதயம் வந்திருக்கிறது. காலையில் பத்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொள்கிறார். வெளியே வரும்போது கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த மனிதர் மேல் பட்டன் போட்டு நான் பார்த்ததில்லை. கிட்டே போனால் ஸ்பிரிட் வாசனை அடிக்கிறது. என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, வேலை இருக்கு” என்று கடைக்கு ஓடிவிடுகிறார்.

எனக்கும் நாற்பத்தெட்டு ஆகிவிட்டது அண்ணா. முகமெல்லாம் பரு. பள்ளிக்கூடம் போகிற வயதில்கூட எனக்கு இவ்வளவு வந்ததில்லை. கண்ணாடியைப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை, அவருக்கு எப்படிப் பிடிக்கும். என்னை அலுத்துவிட்டதோ என்னவோ. நான் கேட்டதாக அவரிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
பாப்பா

*

ஏப்ரல் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. நீ கேட்ட விஷயம் பற்றி யோசித்தேன்.

மாப்பிள்ளை எனக்கு எழுதினார் என்று சொல்வதற்கில்லை. எழுதவில்லை என்றும் சொல்வதற்கில்லை. பொதுவாகச் சொன்னால், மனிதர்கள் பலவிதம். சிலருக்குக் குறட்டை வரும். சிலருக்கு மேல் பட்டன் போடத் தோன்றும். இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தங்கமான மனிதர் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும், எப்படித் தெரியும் என்று கேட்காதே.

என் முழங்கால் பற்றிக் கேட்டிருந்தாய். இடது முழங்கால் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வீங்கியது. புதன்கிழமை வீக்கம் குறைந்தது. வியாழக்கிழமை வலது முழங்காலுக்கு மாறியது. டாக்டர் படியேற வேண்டாம் என்றார், நம் வீட்டில் படியே கிடையாது என்றேன், அப்படியானால் நல்லது என்றார்.

அன்புடன்,
அண்ணன்

பாப்பா, இதற்கு மேல் இரண்டு பக்கம் முழங்கால்தான் எழுதியிருந்தார், நான் எடுத்துவிட்டேன். பரு விஷயத்தைச் சாதாரணமாக விடாதே. டாக்டரிடம் காட்டு. - அண்ணி

*

மே 11

அன்புள்ள மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே சுகம்தான். அங்கே அனைவரும் சுகமா?

டாக்டரிடம் போனேனா என்று நீங்கள் கேட்பீர்கள். போக வேண்டும். ஆனால் ஜெல் வேலை செய்கிறது மச்சான். ஒரு அழுத்து போதும் என்று ஜிம் மாஸ்டர் சொன்னார், நான் மூன்று அழுத்து அழுத்துகிறேன். பூசிவிட்டு ஐந்து நிமிஷம் காய விட வேண்டும் என்று டப்பாவுக்குள் இருக்கிற தாளில் போட்டிருக்கிறது. அந்தத் தாளை நான் அதற்கு மேல் படிக்கவில்லை, எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? உடனே பருத்திச் சட்டையை மாட்டிக்கொள்வேன். பருத்தி எதையும் குடித்துவிடும், தோளில் பிசுபிசுப்பே இருக்காது. தையல்காரனுக்குத் தெரியாத துணியா.

இப்போது கடையில் ஒரே சுறுசுறுப்பு. போன வாரம் இஸ்திரி மேஜையைத் தனியாளாகத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, மறுநாள் பழைய இடத்திலேயே தூக்கி வைத்தேன். கோபம்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது. “காலர் சரியா உக்காரல” என்று ஒருவர் சொன்னார். “கழுத்து ஒழுங்கா இருந்தா காலர் ஒழுங்கா உக்காரும்” என்று சொல்லிவிட்டேன். அவர் பத்து வருஷ வாடிக்கையாளர். இப்போது எதிர்க் கடைக்குப் போகிறார்.

தூக்கம் மட்டும் வருவதில்லை. எழுத முடியாது என்று சொன்னேனே, அந்த விஷயத்திலும் நிச்சயமாக எதுவும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் வர வேண்டுமே. அவளோ நான் அறை மாறியதில் நிம்மதியாக இருக்கிறாள். “இப்ப நல்லா தூங்குறியா?” என்று கேட்டேன். “ம்” என்றாள். இத்தனை வருஷம் ஒன்றாகப் படுத்ததற்குக் கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு ‘ம்’. குரல்கூடக் கட்டிப்போயிருக்கிறது, ஆபீஸில் ரொம்பக் கத்துகிறாள் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். திரும்ப அந்த அறைக்குப் போய், போனவன் பழைய ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது? இங்கேயே இருந்துவிட்டால் அவளுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நலமும் அண்ணி நலமும் எழுதவும். என் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை அவரிடம் சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்துவிட்டு மேலே படி.

போன மாதம் முதல் என்னிடம் போனில் பேசுபவர்கள், “சார்” என்கிறார்கள். முதலில் ஒருவர் சொன்னார், லைன் சரியில்லை என்று நினைத்தேன். இப்போது எல்லோருமே சார்தான். இதில் ஒரு வேடிக்கை, யாரும் திட்டுவதில்லை. “மேடம்” என்று கூப்பிட்டபோது பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் இழுத்தவர்கள், “கொஞ்சம் பார்த்து அனுப்புங்க சார்” என்று கெஞ்சுகிறார்கள். மேலதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என்னை இன்னும் இரண்டு ஏரியாவுக்குச் சேர்த்துப் போனில் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

மோவாயில் முடி முளைத்திருக்கிறது அண்ணா. முதலில் மூன்று இருந்தது, எண்ணினேன். இப்போது எண்ணுவதில்லை. மேலுதட்டிலும் வந்துவிட்டது. ஆபீசுக்குக் கிளம்புமுன் அவருடைய நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்து வெட்டிக்கொள்கிறேன்.

அண்ணி சொன்னபடி ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு ஆண் ஹார்மோன் எனக்கு இருக்கிறதாம். “வயித்துக்குள்ள எங்கயாவது கட்டி இருந்தா இப்படி வரும், இல்லாமலும் இருக்கலாம், ஸ்கேன் பார்த்துடலாம்” என்றார். இருபதாம் தேதி ஸ்கேன்.

தனியாகத்தான் போகப்போகிறேன். அவருக்கே ஏதோ மனசு சரியில்லை, கடையில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறாராம். இதில் பெண்டாட்டிக்கு மீசை, வயிற்றில் கட்டி என்று வேறு சொல்லட்டுமா? கட்டி என்று உறுதியானால் நீயே வந்து அவரிடம் சொல். எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
பாப்பா

*

ஜூன் 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன்னை நினைத்துத்தான் கவலை. நீ கலங்காதே. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அது சரியாக இருந்தால் உனக்குக் கட்டியும் இல்லை கிட்டியும் இல்லை.

உன் அண்ணன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முதல் தாளில், ‘பாப்பா, நீயும் மாப்பிள்ளையும்’ என்று எழுதிவிட்டுக் கிழித்தார். இரண்டாவது தாளில், ‘பொதுவாகக் கணவன் மனைவி என்பவர்கள்’ என்று எழுதிவிட்டுக் கிழித்தார். மூன்றாவது தாளில் முழங்காலுக்கு வந்துவிட்டார். நான்தான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

நேராகவே கேட்கிறேன். ஜனவரிக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தது உண்டா? அவர் தோளில் நீ சாய்ந்தாயா? அவருடைய துண்டையோ தலையணையையோ எடுத்துப் பயன்படுத்துகிறாயா? ஏன் கேட்கிறேன் என்று இப்போது சொல்ல முடியாது. உன் அண்ணனுக்கு இருபது பல்தான் பாக்கி, அத்தனையின் மேலும் சத்தியம் செய்து வைத்திருக்கிறார். உடனே பதில் போடு.

அன்புடன்,
அண்ணி

*

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் நீங்கள் அலைக்கழிய வேண்டாம்.

நீங்கள் கேட்டது எதுவும் இல்லை. பக்கத்தில் படுக்கவில்லை. தோளிலும் சாயவில்லை, பக்கத்தில் போனாலே நகர்ந்துவிடுகிறார். துண்டு தனி, தலையணை தனி, சோப்புகூடத் தனியாக வாங்கி வைத்திருக்கிறார்.

கடிதத்தை இங்கேயே முடித்துவிட்டேன். உறையில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்தேன். டாக்டரம்மாவிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றித் துவைக்கிற கூடையில் போடுவார். அதை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் நான் படுக்கிறேன். தினமும்தான். இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து பழகிவிட்டது அண்ணி. அவர் இல்லாவிட்டால் சட்டையாவது இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன், இப்போது அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை. காலையில் அவர் எழுவதற்குள் துவைத்துக் கொடியில் போட்டுவிடுவேன். ‘ஏன் விடிவதற்குள் துவைக்கிற?’ என்று ஒரு நாள் கேட்டார். அப்போதுதான் தண்ணீர் வருகிறது என்றேன். குடிநீர் ஆபீஸில் இருந்துகொண்டே இப்படி ஒரு பொய்.

நாற்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து என்று நினைப்பீர்கள். தயவுசெய்து அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பா

*

ஜூன் 15

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சௌக்கியம் விசாரிக்க நேரமில்லை. இந்தத் தபால் உங்கள் கடை விலாசத்துக்கு வருகிறது, கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

உங்கள் மனைவிக்கு மூன்று மாதமாக முகமெல்லாம் பரு. இப்போது மோவாயில் முடி. ஆபீஸில் எல்லோரும் சார் என்று கூப்பிடுகிறார்கள். ரத்தத்தில் ஆண் ஹார்மோன் மூன்று மடங்கு. வயிற்றில் கட்டி இருக்குமோ என்று இருபதாம் தேதி ஸ்கேன் பார்க்கப் போகிறாள். உங்களுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டீர்கள் என்று தனியாகப் போகிறாள்.

நீங்கள் பூசுகிற ஜெல்தான் அவள் உடம்புக்குப் போகிறது. பருத்தி எதையும் குடிக்கும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? தினமும் மூன்று அழுத்து அழுத்தி, ஈரம் காயாமல் சட்டையை மாட்டி, அந்தச் சட்டையைக் கூடையில் போடுகிறீர்கள். அதை உடுத்திக்கொண்டுதான் உங்கள் மனைவி தூங்குகிறாள். நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று.

நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று எழுதியிருந்தீர்களே தம்பி, இதுதான் அந்த நிம்மதி.

இதை எழுதியதில் யாருடைய சத்தியமும் உடையவில்லை. நீங்கள் சத்தியம் வாங்கியது என் வீட்டுக்காரரிடம். அவளும் அவரிடம்தான் வாங்கினாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கூலிக்கு உறை ஒட்டுகிறவள் என்று நினைத்துவிட்டீர்கள். சட்டை விஷயத்தை அண்ணனிடம் சொல்லாதே என்று அவள் எழுதினாள், உங்களிடம் சொல்லாதே என்று எழுதவில்லை.

பூசுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த ட்யூபை எடுத்துக்கொண்டு இருபதாம் தேதி அவளோடு டாக்டரிடம் போங்கள். போகவில்லை என்றால் இருபத்தொன்றாம் தேதி நான் அங்கே இருப்பேன்.

அக்கா

*

ஜூலை 4

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும்,

வணக்கம். உங்கள் தங்கைக்குக் கட்டி எதுவும் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அக்காவின் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைப் பாதியில் பூட்டினேன். ஒருவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன், அவர் கையை விரித்தபடியே நின்றார், அப்படியே வாசலுக்கு அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். அவள் ஆபீஸ் முடிந்து வந்ததும் மேஜையின் மேல் ட்யூபை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “அப்ப எனக்குக் கட்டி இல்லையா?” என்றாள். இருக்காது என்றேன். சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு ட்யூபை எடுத்து என் மேல் எறிந்தாள், குறி தப்பவில்லை.

“மூணு மாசம் கண்ணாடி முன்னாடி நான் செத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பக்கத்து ரூம்ல புலியாகிட்டு இருந்தீங்க” என்றாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இருபதாம் தேதி இரண்டு பேரும் போனோம். டாக்டரம்மா ட்யூபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?” என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம். “அப்புறம் எப்படிங்க ஒருத்தர் பண்றது ஒருத்தருக்குத் தெரியாம இருந்துச்சு?” என்று கேட்டார். வெளியூரில் இருக்கிற மச்சானுக்கும் அக்காவுக்கும் எல்லாம் தெரியும் என்று சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று ஸ்கேனும் எடுத்தார். சுத்தமாக இருந்தது. மருந்து படுவது நின்றுவிட்டதால் பரு போய்விடும், முடி மெல்ல மெல்லக் குறையும் என்றார். குரல் முழுதாகத் திரும்புமா என்று இப்போதே சொல்ல முடியாதாம்.

அப்புறம் என் முறை வந்தது. ரத்தம் எப்போது கொடுத்தீர்கள் என்றார். மத்தியானம், மூன்று நாள் தூங்காமல், சாப்பிட்டுவிட்டு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த ஹார்மோன் காலையில்தான் சரியாகத் தெரியுமாம். வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்து, ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்க வேண்டுமாம். “அன்னிக்கு உங்க உடம்புல எதை அளந்திருந்தாலும் கம்மியாத்தான் இருந்திருக்கும்” என்றார். இவ்வளவு நாள் பூசியதால் இப்போது பார்த்தாலும் சரியாக வராது, சில வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். மற்றதைப் பார்த்ததில் ரத்தம் கெட்டியாகியிருக்கிறது, சர்க்கரை எல்லையில் நிற்கிறது. டேப்பை எடுத்து என் இடுப்பை அளந்தார் மச்சான். என்னை! இழுத்துப் பிடித்த மூச்சை விடச் சொல்லிவிட்டு மறுபடி அளந்தார்.

குறட்டையைப் பற்றி அவளிடம் கேட்டார். “நடுவுல மூச்சு நின்னு நின்னு வரும் டாக்டர். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன், பத்து வரைக்கும் வரலைன்னா உலுக்குவேன்” என்றாள். இது எனக்கே தெரியாது. அறை மாறிய பிறகு உலுக்க ஆள் இல்லை. டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. தூக்கத்தைச் சோதிக்க அடுத்த வாரம் தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் நான் இன்னும் மகள் அறையில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 29, ஞாயிறு காலை

அன்புள்ள உனக்கு,

பக்கத்து அறையில் இருப்பவளுக்குக் கடிதமா என்று சிரிப்பாய். இந்தக் குடும்பத்தில் உண்மையெல்லாம் தபாலில்தான் போகிறது, நான் மட்டும் என்ன செய்ய? நீ காய்கறி வாங்கி வருவதற்குள் எழுதி உன் தலையணை மேல் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன்.

டாக்டரம்மா இரண்டு தடவை காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவு நேற்று வந்தது. கொஞ்சம் கீழேதான், ஆனால் இருக்க வேண்டிய அளவுக்குள் இருக்கிறதாம். இந்த வயதில் இறங்குவது இயல்பு, தூக்கமும் தொப்பையும் சரியானால் மிச்சமும் சரியாகும், மருந்து வேண்டாம் என்றார். ஆறு கிலோ இறங்கியிருக்கிறேன். காலையில் உன் கூட நடப்பதால்தான் அது. நடக்கும்போது நீ முன்னால் போய்விடுகிறாய், பேச முடிவதில்லை.

ஆனால் அந்த மூச்சு மிஷின் இருக்கிறதே. தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்கத் தினமும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து குழாய், தலையைச் சுற்றி வார். முதல் நாள் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மூன்று வாரமாக அதனால்தான் அந்தப் பக்கம் வரவில்லை. நீ ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் போனது எதற்கு என்றும் இதுவரை உன்னிடம் சரியாகச் சொல்லவில்லை. குறட்டை ஒரு சாக்கு. நான் ஆம்பளையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறேன் என்று பயந்தேன். அது உனக்குத் தெரிந்தால் நீ என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாய், அதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். என் பயத்தை உன் உடம்பில் பூசிவிட்டேன். மன்னித்துக்கொள் என்று டாக்டரம்மா முன்னால் சொன்னது போதாது, அதனால் இதில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

அந்தப் பக்கம் வர எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. குழாயோடு வரலாமா?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

*

(அதே தாளின் பின்பக்கம்)

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரிக்காமலே ஆரம்பித்திருக்கிறீர்கள், பரவாயில்லை. நான் நலம். மோவாயில் இந்த வாரம் கத்தரி படவில்லை. போனில் இன்னும் பாதிப் பேர் சார் என்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

கோபம் முழுதாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

ஆம்பளைத்தனம் கூடியதா குறைந்ததா என்று நான் ஒரு நாளும் அளந்ததில்லை. அளப்பது உங்கள் தொழில். நீங்கள் அறையை விட்டுப் போனபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, இவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று மட்டும்தான் தோன்றியது. அது எவ்வளவு வலித்தது என்று உங்களுக்குத் தெரியாது. இனிமேல் பயம் வந்தால் என்னிடம் வந்து பயப்படுங்கள்.

நாள் முழுக்க ஊர்க்காரர்கள் கத்துவதைக் காதில் வாங்குகிறவள், ஒரு மிஷின் சத்தத்துக்கா அசரப்போகிறேன்? எனக்கும் மூச்சை எண்ணுகிற வேலை மிச்சம். நம் அறையில் பிளக் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது, உங்கள் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் நேற்றே கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டேன்.